வீட்டுல ஒருத்தருக்கு கார்-டி செல் ஏத்தப் போறாங்கன்னா, ரத்த வங்கி பக்கம் என்னென்ன பாக்கணும்

நம்ம மலையகத்துல ஒருத்தருக்கு ரத்தம் வேணும்னு காதுல விழுந்தா போதும், அண்ணன் தம்பி மச்சான் சித்தப்பா மகன்னு லயமே வேன் புடிச்சு ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கும். அந்த மனசு பெரிய மனசு. ஆனா ரத்தப் புற்றுநோய்க்கு கார்-டி மாதிரி செல் சிகிச்சை எடுக்குறவருக்கு சொந்தக்காரர் ரத்தத்தை அப்படியே ஏத்தினா உயிருக்கே ஆபத்தாகலாம், இது நம்மாளுங்க நிறைய பேருக்கு தெரியாது, அதனாலதான் இத எழுதுறேன்.

மொதல்ல சிகிச்சைய சுருக்கமா சொல்லிடுறேன். நோயாளியோட உடம்புல இருக்குற டி-செல்லுன்ற வெள்ளை அணுவ எடுத்து, லேப்ல மரபணு மாத்தி, புற்றுநோய் செல்ல அடையாளம் கண்டு அழிக்கிற மாதிரி ஆக்கி, திரும்ப அவருக்கே ஏத்துறாங்க. அமெரிக்காவுல 2017ல மொத மருந்துக்கு அனுமதி கெடச்சது, இந்தியாவுல ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேந்து உருவாக்கினதுக்கு 2023ல கெடச்சது. இந்தியா போய் வைத்தியம் பாக்க நெனைக்கிற நம்ம குடும்பங்களுக்கு இது இப்ப கொஞ்சம் கிட்ட வந்த விஷயம்.

செல் எடுக்குறதுலயே ரத்த வங்கியோட வேலை தொடங்கிடுது. அபெரிசிஸ் மெஷின்ல ஒரு பக்கம் ரத்தம் போகும், வெள்ளை அணு மட்டும் பிரிஞ்சு பேக்ல சேரும், மிச்சம் உடம்புக்கே திரும்பி வரும். 3 மணித்தியாலத்துல இருந்து 5 மணித்தியாலம் வரைக்கும் ஆகலாம், அதனால பாத்ரூம் போய்ட்டு, சாப்புட்டு, கதகதப்பா ஒரு சால்வையோட ஒக்காரச் சொல்லுங்க. நடுவுல ஒதடும் வெரல் நுனியும் மெதுவா குறுகுறுன்னு மரத்துப்போற மாதிரி வரும், ரத்தம் உறையாம இருக்க போடுற சிட்ரேட் உடம்புல இருக்குற கால்சியத்த புடிச்சிக்கிறதாலதான் அப்படி ஆகுது. பொறுத்துக்கிட்டு கெடக்காம ஒடனே மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்கிட்ட) சொல்லணும், கால்சியம் குடுத்தா சரியாயிடும். நம்ம அம்மாமாருக்கு எதையும் தாங்கிக்கிட்டே பழகிப்போச்சு, அதனால பக்கத்துல இருக்கவங்க அடிக்கடி கேட்டுப் பாருங்க.

இனி சொல்றதுதான் ரொம்ப முக்கியம். தயாரான செல்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஃப்ளூடராபின் மாதிரி மருந்து குடுத்து நோயாளியோட சொந்த வெள்ளை அணுக்கள கொறச்சிடுவாங்க. அதுக்கப்புறம் சிவப்பணு, ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் ரெண்டும் வாரக்கணக்கா கொறஞ்சு கெடக்கலாம், அப்ப ரத்தம் ஏத்த வேண்டி வரும். அந்த ரத்தத்துல இருக்குற வேற ஆளோட டி-செல்ல எதிர்க்க இவர் உடம்புல சக்தி இருக்காது, அது உள்ள பெருகி தோலையும் குடலையும் கல்லீரலையும் எலும்பு மச்சையையும் தாக்கினா பொழைக்கிறது அபூர்வம். அரிதா வர்றதுதான், ஆனா வந்துட்டா 90 சதவீதத்துக்கு மேல சாவு. இத தடுக்கத்தான் ரத்தப் பைக்கு கதிர் பாய்ச்சி அந்த டி-செல்ல பெருக விடாம பண்றாங்க. கதிர் பாய்ச்சினதால ரத்தத்துல விஷம் ஏறாது, கதிர்வீச்சும் தங்காது, பயப்படாதீங்க. வெள்ளை அணுவ ஃபில்டர் பண்ணின ரத்தம் வேற, கதிர் பாய்ச்சின ரத்தம் வேற, ஒண்ணு இருந்தா மத்தது வேணாம்னு நெனச்சிடக் கூடாது.

இதுல சொந்தக்காரர் ரத்தம் ஏன் இன்னும் ஆபத்துன்னா, திசு அடையாளம் ஓரளவு ஒத்துப்போறதால அண்ணனோட செல்ல தம்பி உடம்பு அந்நியம்னு கண்டுபுடிக்காம விட்டுடலாம், ஆனா அண்ணனோட செல் தம்பிகிட்ட ஒத்துப்போகாத மிச்சத்த அந்நியமா பாத்து தாக்கலாம். அதனால சொந்தத்துல இருந்து வந்த ரத்தத்துக்கு எப்பவுமே கதிர் பாய்ச்சணும்.

எவ்வளவு காலத்துக்குன்னா, பிரிட்டன் வழிகாட்டல்படி செல் எடுக்குறதுக்கு 7 நாள் முன்னாடி தொடங்கி, செல் ஏத்தி 3 மாசம் வரைக்கும். ஃப்ளூடராபின் எடுத்தவங்களுக்கு அதுக்கப்புறமும் காலம் பூரா கதிர் பாய்ச்சின ரத்தம்தான். இங்கதான் நம்மாளுங்களுக்கு சிக்கல் வருது, வைத்தியம் ஒரு இடத்துல நடக்கும், வீடு பொகவந்தலாவையிலயோ பசறையிலயோ இருக்கும், ரெண்டு வருசம் கழிச்சு வேற எதுக்கோ கிட்ட இருக்குற ஆஸ்பத்திரியில சேத்தா அந்த டொக்டருக்கு பழைய கதை எதுவும் தெரியாது. அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போதே டயக்னோசிஸ் கார்டுல செல் சிகிச்சை எடுத்தவர், ஃப்ளூடராபின் எடுத்தவர், இரேடியேட்டட் பிளட் (கதிர் பாய்ச்சின ரத்தம்) மட்டும்தான்னு டொக்டர் கையாலேயே இங்கிலீஷ்ல எழுதி வாங்குங்க. ஒரு போட்டோகாப்பி கிளினிக் புத்தகத்துக்குள்ள, ஒண்ணு பர்ஸ்ல, ஒண்ணு போன்ல போட்டோவா இருக்கட்டும். கதிர் பாய்ச்சுற மெஷின் எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்காது, முன்கூட்டி சொன்னாத்தான் வேற இடத்துல இருந்து எடுப்பிக்க ஏலும். ரத்தம் நிக்காம போற அவசரத்துல என்ன ஏத்துறதுன்னு டொக்டர்தான் முடிவெடுக்கணும், அங்க நின்னு சண்டை புடிக்காதீங்க, கார்ட காட்டுங்க அது போதும்.

அப்ப வேன் புடிச்சு வந்த சொந்தங்க என்ன பண்ணலாம்? தாராளமா ரத்தம் குடுங்க, ஆனா இவருக்குத்தான் ஏத்தணும்னு அடம் புடிக்காம பொதுவா ரத்த வங்கிக்கு குடுங்க. எல்லாரும் ஒரே நாள்ல வேணாம். பிளேட்லெட்ட 20லருந்து 24 டிகிரியில ஆட்டிக்கிட்டே வைக்கணும், அப்படியும் 5 நாள்தான் தாங்கும், ஆனா நோயாளிக்கு வாரக்கணக்கா வேணும். தோட்டத்து இளைஞர் மன்றம், கோயில் கமிட்டி யாராவது ஒரு நோட்டுல பேரு எழுதி, வாரத்துக்கு கொஞ்ச பேருன்னு பிரிச்சு அனுப்பினா அது பெரிய உதவி.

இலங்கையில ரத்தம் குடுக்க வயசு 18லருந்து 60, ஐடி கார்டு வேணும், போன தடவை குடுத்து 4 மாசம் ஆகியிருக்கணும், ரத்தத்துல இருக்குற இரும்புச் சத்து சேந்த ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு (ஒரு டெசிலிட்டருக்கு) மேல. இந்த 12லதான் கொழுந்து எடுக்குற அக்காமாருல நிறைய பேரு நின்னுடுவாங்க. சோத்தோட சேத்து சாயம் (தேத்தண்ணி) குடிக்கிறது சாப்பாட்டுல இருக்குற இரும்புச் சத்த ஒடம்புல சேர விடாது, ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிங்க, கீரையோ பருப்போ சாப்புடும்போது தேசிக்காய் புழிஞ்சுக்குங்க, நெத்தலி, ஈரல் கெடச்சா விடாதீங்க. ரத்தம் குடுத்த அன்னைக்கு கொழுந்துக் கூடைய தூக்கிக்கிட்டு மலை ஏற வேணாம், தண்ணி நல்லா குடிச்சிட்டு வீட்டுல இருங்க, மறுநாளும் தலை சுத்துனா ரத்த வங்கிக்கு போன் போட்டு கேளுங்க.