ஆல்பம் பரிந்துரைப்பதில் நாம் பண்ணும் சொதப்பல்கள்

ஜாஸ் கேட்டதே இல்லை, ஏதாவது ஒரு ஆல்பம் சொல்லுங்களேன் என்று கேட்டவருக்கு ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ'வை அனுப்பிவைக்கும் ஆள் எல்லா நண்பர் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். 1970-ல் வந்த இரட்டை ஆல்பம் அது. முதல் உருப்படியே 20 நிமிடம், இரண்டாவது கிட்டத்தட்ட 27. அருமையான ஆல்பம்தான், ஆனால் வாங்கிக்கொண்ட மனிதர் எட்டாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு, ஜாஸ் நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுவார். அனுப்பியவருக்கோ தன் ரசனை எவ்வளவு உசத்தி என்று காட்டிக்கொண்ட திருப்தி.

ஆல்பம் சொல்வதற்கு முன்னால் எதிராளி என்ன கேட்டு வளர்ந்தவர் என்று கொஞ்சம் விசாரிக்க வேண்டும். யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் ராஜா, ரஹ்மான் என்று பெயர்கள்தான் வரும், அதனால் ஒரு பாட்டில் எது உன் காதை இழுக்கும் என்று கேளுங்கள். கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீன் பக்கம் போகாமல் உட்கார்ந்திருக்கிற ரகமா? அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜாஸும் நம் இசையும் கலந்து வாசித்த சக்தி குழுவின் முதல் ஆல்பத்தைக் கொடுக்கலாம். 1975-ல் மேடையில் பதிவு செய்து அடுத்த வருடம் வெளியிட்டது. ஜான் மெக்லாலினின் கிட்டார் அவருக்குப் புதிதாக இருக்கும், ஆனால் எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் பழகிய பாஷை. 'பிட்சஸ் ப்ரூ'வில் கிட்டார் வாசித்தவரும் இதே மெக்லாலின்தான், ஆகவே அங்கே போக ஆசை வந்தால் அப்புறம் போய்க்கொள்ளட்டும்.

அதேபோல ஒரே மூச்சில் பத்து ஆல்பம் அனுப்பாதீர்கள். பத்து வந்தால் யாரும் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. ஒன்று போதும், ஏன் அதை இவருக்குச் சொல்கிறோம் என்று ஒரு வரியும் சேர்த்து.

சரி, வாங்கிக்கொண்டவர் பண்ணும் தவறுகள். ஆல்பத்தை ஷஃபிளில், அதாவது பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்பது முதல் குற்றம். வரிசை என்பது கலைஞர் யோசித்து வைத்தது. 2021-ல் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகு, ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முன்னிறுத்துவதையே மாற்றியது, ஆனாலும் ஷஃபிள் ஆன் ஆகியே கிடக்கும் போன்கள் ஏராளம். அடுத்தது, போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வது. அதே மைல்ஸ் டேவிஸின், 1959-ல் வந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் உருப்படியில் மெட்டை எடுத்துக்கொடுப்பதே பால் சேம்பர்ஸின் பேஸ்தான் (கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), பியானோவும் ஊதுகருவிகளும் அதற்கு இரண்டு சுரத்தில் பதில் சொல்கின்றன. சின்ன ஸ்பீக்கரில் பேஸ் அமுங்கிப்போய் பதில் மட்டும்தான் காதில் விழும், அப்படிக் கேட்டவர் "ஒன்றுமே நடக்கலையே" என்று சொன்னால் அவரைத் திட்ட முடியாது. ஹெட்போனில் கேள் என்று முதலிலேயே சொல்லாதது நம் தப்பு.

எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் விடுவதும் உண்டு. இதே ஆல்பத்தின் இசைத்தட்டில் முதல் பக்கம், பதிவு செய்த டேப் மெஷினின் வேகக் கோளாறால், பல வருடங்கள் சுருதி சற்றுக் கூடியே வெளிவந்துகொண்டிருந்தது. 1990-களில்தான் சரிசெய்தார்கள். பழைய எல்.பி. இசைத்தட்டில் கேட்டவரும் இன்று ஸ்ட்ரீமிங்கில் கேட்பவரும் சுருதியைப் பற்றிச் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

இனி அபிப்பிராயம் சொல்வது. இதில்தான் நாம் மோசம். "செம", "வேற லெவல்", ஒரு தீ எமோஜி, முடிந்தது. முக்கால் மணி நேரம் கேட்டதற்கு இவ்வளவுதானா? எந்த இடத்தில் காது நிமிர்ந்தது, எங்கே அலுப்புத் தட்டி மெசேஜ் பார்க்கப் போனீர்கள், எந்தப் பாட்டைத் திரும்பப் போட்டீர்கள், இதைச் சொன்னாலே போதும், இசை இலக்கணம் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. பாதியில் நிறுத்திவிட்டால் எங்கே நிறுத்தினேன் என்று சொல்லுங்கள். முழுசாகக் கேட்ட மாதிரி நடிக்க வேண்டாம், இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தமிழ் ரசிகர்களுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. மேற்கத்திய இசையும் கர்நாடக இசையும் கலந்த எதை அனுப்பினாலும், "இதெல்லாம் ராஜா 86-லேயே 'ஹவ் டு நேம் இட்'ல பண்ணிட்டாரு" என்று பதில் வரும். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் (Bach) அவர்களுக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பம் அது, நானும் தலையில் வைத்துக் கொண்டாடுபவன்தான். ஆனால் அந்தப் பதிலில் அனுப்பிய ஆல்பத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே! ஒப்பிடுவதானால் ஒழுங்காக ஒப்பிடுங்கள்: அங்கே வயலின்கள் எழுதிவைத்தபடி வாசிக்கின்றன, இங்கே அந்த நேரத்தில் தோன்றியதை வாசிக்கிறார்கள், எனக்கு முதலாவதுதான் நெருக்கம் என்று சொன்னால் பேச்சு தொடரும்.

"பிடிக்கவில்லை" என்று வந்தால் அனுப்பியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னும் நாலு தடவை கேட்டால் புரியும் என்று கட்டாயப்படுத்துவதும், "கேட்டியா, கேட்டியா" என்று தினமும் குடைவதும், 3-வது நிமிடத்தில் ஒன்று வரும் பார் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து அவர் கேட்க வேண்டியதையும் நாமே கேட்டுவிடுவதும் வேலைக்கு ஆகாது. எது பிடிக்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைக் கேட்டுவிட்டு, 'ட்ரம்பெட் அலுத்துவிட்டது, ஆனால் அந்த பேஸ் நன்றாக இருந்தது' என்று ஒருவர் சொன்னால், அடுத்து அனுப்ப வேண்டியது சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்'. அதில் ட்ரம்பெட் இருந்தாலும் முன்னால் நிற்பது சாக்ஸபோன், பேஸ் வாசிப்பவர் அதே பால் சேம்பர்ஸ்.