குவீன்ஸ்டவுனில் ஏறிய 16 பேர்: இந்தக் கதையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 நவம்பரில், வடக்குத் தரப்பின் போர்க்கப்பல் கியர்சார்ஜ் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனுக்கு (இன்றைய கோவ்) வந்துபோனது. கிளம்பும்போது 16 உள்ளூர்க்காரர்கள் உள்ளே இருந்தார்கள். நடுநிலை நாட்டில் ஆள்சேர்ப்பா என்று புகார் கிளம்பியது.

முதலில், அயர்லாந்தைத் தனி நடுநிலை நாடாக நினைத்துவிடாதீர்கள். அது இரண்டாம் உலகப்போர் காலத்து நிலைமை. 1863இல் அது பிரிட்டிஷ் மண்; அமெரிக்கப் போரில் நடுநிலை வகித்தது பிரிட்டன்தான். அதனால்தான் விவகாரம் லண்டனுக்குப் போனது: ஒரு பக்கம் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸல், மறு பக்கம் அமெரிக்கத் தூதர் ஆடம்ஸ்.

ஆட்கள் தெரியாமல் ஏறி ஒளிந்துகொண்டார்கள் என்றார் கேப்டன் வின்ஸ்லோ. டிசம்பரில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கியும் விட்டார். சரி, அப்படியானால் அவர்மேல் தப்பில்லை என்று சிலரும், மாட்டிக்கொண்டதால்தான் இறக்கினார் என்று சிலரும் எழுதுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவு. ஆட்களை இறக்கியது சிக்கலை முடிக்க எடுத்த நடவடிக்கை. அதை வாக்குமூலமாகப் படிக்க முடியாது. இன்னொன்று, வெளிநாட்டுப் படைகளுக்கு ஆள்சேர்ப்பதைத் தடுத்த பிரிட்டனின் 1819ஆம் ஆண்டுச் சட்டம் ஆள்சேர்த்தவரை மட்டுமல்ல, அனுமதியில்லாமல் சேர்ந்தவரையும் குற்றவாளியாக்கியது. கப்பல் ஏறியவர்களும் தப்ப முடியாது.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, புகாரை மட்டும் தனியாகப் பிரித்துப் படிப்பதுதான். 1862இல் இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டில் கட்டிய தெற்குத் தரப்புப் போர்க்கப்பல் அலபாமாவில் நிறைய பிரிட்டிஷ் மாலுமிகள் இருந்தார்கள். அதைச் சொல்லி ஆடம்ஸ் ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1863 அக்டோபரில், தெற்குக்காக அங்கே தயாரான இரண்டு இரும்புக் கவசக் கப்பல்களை பிரிட்டன் பறிமுதல் செய்தது. தெற்கின் ஆதரவாளர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அடுத்த மாதமே வடக்கின் கப்பல் மாட்டினால் சும்மா விடுவார்களா? ‘நீங்களும் அதையேதானே செய்கிறீர்கள்’ என்று ஆடம்ஸிடம் கேட்க லண்டனுக்கும் இது வசதியாகப் போயிற்று.

அதற்காக, பத்துப் பதினைந்து மாலுமிகள் சமாசாரம்தானே என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 1865இல் தெற்கின் போர்க்கப்பல் ஷெனண்டோவா, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மெல்பர்னில் பழுதுபார்த்துக் கிளம்பியபோது, இரவோடு இரவாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் அதில் ஏறினார்கள். அந்தக் கப்பல் மெல்பர்னுக்குப் பிறகு செய்த சேதத்துக்கு பிரிட்டனே பொறுப்பு என்று 1872இல், அமெரிக்கா-பிரிட்டன் தகராறை விசாரித்த ஜெனீவா நடுவர் மன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அலபாமாவையும் சேர்த்து பிரிட்டன் கட்டிய மொத்த இழப்பீடு 1.55 கோடி டாலர்.