பழைய ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் கண்டென்சர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளை பக்கங்களில் கல்ஃபுக்கு ஆள் போகாத குடும்பம் குறைவு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவர்கள் கொண்டுவந்த சான்சூய், அக்காய், பயனியர், டெக்னிக்ஸ் செட்டுகள் இன்றும் பல வீடுகளில் ஷோகேஸில் உட்கார்ந்திருக்கின்றன. இப்போது பேரப்பிள்ளைகள் அவற்றை இறக்கித் தூசி தட்டுகிறார்கள். இரண்டு வீடியோ பார்த்ததும், "கண்டென்சர் மொத்தத்தையும் மாத்திட்டா சவுண்டு கொள்ளாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நாற்பது வருஷம் தாக்குப்பிடித்த செட் அந்த வார இறுதியில் உயிரை விடுவதும் நடக்கிறது.

கண்டென்சர் என்பது மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் பாகம், கெப்பாசிட்டர் என்றும் சொல்வார்கள். அதை மாற்றுவது, செட்டை வடிவமைத்தவர் போட்ட கணக்குக்குத் திரும்பக் கொண்டுபோகும் வேலை. அந்தக் கணக்கை மிஞ்சப் பார்க்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

பழியைக் கண்டென்சர் மேல் போடுவது

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நனைக்கும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்கள் என்றால் உப்புக்காற்றும் கூட. இங்கே ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஸ்பீக்கரை ஆம்போடு இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் காண்டாக்ட்டை. அடுத்தது செலக்டர் ஸ்விட்ச், வால்யூம் கண்ட்ரோல், டேப் மானிட்டர் ஸ்விட்ச். ரிலேக்குள் எறும்பு போய் நசுங்கிக் கிடப்பதும் உண்டு, சிரிக்க வேண்டாம். இதற்கெல்லாம் காண்டாக்ட் கிளீனர் போதும், சால்டரிங் அயர்ன் தேவையில்லை.

வால்யூம் திருகும்போது கரகரப்பு வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று அழுக்கு. மற்றொன்று, டி.சி.யை (ஒரே திசை மின்சாரத்தை) தடுத்து ஒலியை மட்டும் கடத்த வேண்டிய, முந்தைய நிலையின் கப்ளிங் கண்டென்சர் கசிந்து, கண்ட்ரோலுக்குள் டி.சி. வந்து நிற்பது. கிளீனர் அடித்தும் போகவில்லையென்றால், மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்துக் கண்ட்ரோலின் கால்களில் பாருங்கள். அங்கே டி.சி. காட்டினால் மட்டும் கண்டென்சரைக் குறை சொல்லலாம்.

உறுமலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் இரண்டு பக்கமும் 100 ஹெர்ட்ஸில் உறுமினால் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டென்சர் வற்றியிருக்கலாம். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கும் உறுமல் என்றால் இன்புட் வயர், எர்த் பக்கம் தேடுங்கள். மழைச் சாரல் போன்ற இரைச்சலும் அவ்வப்போது 'பட்' என்ற வெடிப்பும் அனேகமாகப் பழைய டிரான்சிஸ்டரின் வேலை. 2எஸ்சி458, 2எஸ்ஏ726 போன்றவை இதற்குப் பேர்போனவை. அந்தச் செட்டில் எவ்வளவு விலையுயர்ந்த கண்டென்சரைப் போட்டாலும் சத்தம் அப்படியே இருக்கும்.

கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்குவது

வயதாவது எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்தான். உள்ளே இருக்கும் திரவம் ரப்பர் மூடி வழியாக மெல்ல வெளியேறுகிறது. மதிப்பு குறைகிறது, இ.எஸ்.ஆர். எனப்படும் உள்தடை கூடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிப்பிட்டிருக்கும் ஒன்று, 45 டிகிரியில் கணக்குப்படி 1,28,000 மணி நேரம் வரும். அதனால் 2000 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்பவை முதலில் போகும், அவற்றை முதலில் பாருங்கள்.

பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன், பாலிஸ்டைரீன் வகைகளுக்கு இப்படி வற்றும் வியாதி இல்லை. அவற்றை மாற்றுவது வீண் செலவு, பழைய போர்டுக்குச் சூட்டுக் காயமும்கூட. அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்கு முன்னால் உள்ள நிலைகளில் சில பிகோ ஃபாரட் மதிப்புள்ள குட்டி மைக்கா, செராமிக் கண்டென்சர்கள் இருக்கும். ஆம்ப் தன்னால் ஆடாமல் கட்டிப்போட்டிருப்பவை அவைதான். அந்த இடத்தில் கையில் கிடைத்ததைப் போட்டால், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் ஆடத் தொடங்கி ஹீட்சிங்க் கொதிக்கும்.

தயங்காமல் மாற்ற வேண்டியவையும் உண்டு. வால்வு ரேடியோக்களில் உள்ள மெழுகு தடவிய பேப்பர் கண்டென்சர் கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டான்டலம் சொட்டு வகை போகும்போது ஷார்ட்டாகிப் போகும். மெயின்ஸ் ஸ்விட்சின் குறுக்கே இருக்கும் கண்டென்சரில் வெடிப்புக் கோடு தெரிந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எக்ஸ்2 என்று முத்திரையுள்ள, மெயின்ஸுக்கென்றே உள்ள பாதுகாப்பு வகையைத்தான் போட வேண்டும். '400 வோல்ட் இருக்கே, போதாதா' என்று சாதாரண பாலியெஸ்டரைப் போட்டால், பழுதாகும்போது தீப்பிடிக்கலாம்.

வோல்ட்டேஜ் விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வது

கல்ஃப் செட்டில் மூடியைத் திறக்கும் முன்பே பின்பக்கத்து வோல்ட்டேஜ் செலக்டரைப் பாருங்கள். சவூதியில் அன்று பல வீடுகளில் 127 வோல்ட்தான் வந்தது. அங்கிருந்து வந்த செட்டில் செலக்டர் இன்னும் 110-இலோ 120-இலோ நின்றால், பிளக்கைச் சொருகிய நொடியில் கதை முடிந்தது.

220-இல் நின்றாலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் 230 என்பது பெயருக்கு. லோடு குறைந்த நேரத்தில் 240-ஐத் தாண்டுவது சகஜம். 220-இல் 46 வோல்ட் டி.சி. தரும் சப்ளை, 240-இல் 50 வோல்ட் தரும். அதில் பழையபடி 50 வோல்ட் கண்டென்சரையே வைப்பது விளிம்பில் நடப்பது. 63 வோல்ட் போடுங்கள், செலக்டரில் 240 இருந்தால் அதற்கு மாற்றுங்கள். வோல்ட் அளவை ஏற்றலாம், ஒருபோதும் இறக்கக் கூடாது. பழைய 5, 50, 500 மைக்ரோ ஃபாரட்டுக்கு இன்றைய 4.7, 47, 470 தாராளமாகப் பொருந்தும்.

பெரிசு போட்டால் பேஸ் வரும் என்று நம்புவது

இந்த நம்பிக்கைக்கு இரையான டிரான்ஸ்ஃபார்மர்கள் ஏராளம். 6800 இருந்த இடத்தில் 22,000 மைக்ரோ ஃபாரட் போட்டால், செட்டைப் போடும் கணத்தில், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டையோடு பிரிட்ஜ் வழியாகப் பாயும் மின்னோட்டம் பல மடங்காகும். பிறகும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் குறுகிய, உயரமான துடிப்பாகத்தான் சார்ஜ் ஏறும். டையோடும் டிரான்ஸ்ஃபார்மரும் அதிகம் சூடாகும். ஃப்யூஸ் போகும், உடனே பெரிய ஃப்யூஸ் போடத் தோன்றும், அங்கிருந்து சரிவுதான். இன்றைய கண்டென்சர்கள் அளவில் சிறியவை என்பதால் அதே இடத்தில் கூடுதல் மதிப்பு அடங்கும், ஆசை வருவது இயல்பு. பாதியளவு கூட்டினால் போதும், அதற்கு மேல் போக வேண்டாம்.

வால்வு செட்டில் இது இன்னும் கறார். அதே வேலையை வால்வு செட்டில் செய்யும் ஜி.இசட்.34 ரெக்டிஃபயர் வால்வுக்கு அடுத்து நிற்கும் முதல் கண்டென்சர் 60 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது என்று தயாரிப்பாளரின் அட்டவணையே சொல்கிறது. தாண்டினால் வால்வுக்குள் மின்பொறி பறக்கும். அங்கே 300, 400 வோல்ட் டி.சி. நிற்கிறது, ஸ்விட்சை அணைத்த பிறகும் நிற்கும். ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் செய்து 'டப்' என்று வெடிக்க வைப்பது வீரம் இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்புக்கு 100 ஓம் 5 வாட், வால்வு செட்டுக்கு 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட வயரில் கட்டிப் பல விநாடி பிடித்து, பின்பு மீட்டரால் அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சார்ஜ் இறக்காத கண்டென்சரைக் அதன் மதிப்பை அளக்கும் குட்டி எல்.சி.ஆர். டெஸ்டரில் செருகினால், டெஸ்டர் போய்ச் சேரும்.

போர்டின் மேல் நடக்கும் விபத்துகள்

கழற்றும் முன் ஃபோட்டோ எடுங்கள், வெளிச்சத்தில், இரண்டு கோணத்தில். பழைய ஜப்பானிய போர்டுகளில் சிலவற்றில் அச்சிட்ட பாசிட்டிவ் குறியே தவறாக இருப்பதுண்டு. போர்டின் குறி, பழைய கண்டென்சர் நின்ற திசை, சர்வீஸ் மேனுவல் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராவிட்டால் மீட்டரால் எந்தப் பக்கம் வோல்ட்டேஜ் கூடுதல் என்று பார்த்து முடிவெடுங்கள். ஒன்றைக் கழற்றியதும் புதியதை வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒரே மூச்சில் இருபதைப் பிடுங்கித் தட்டில் குவித்தவர்கள் பிறகு படும் பாட்டைச் சொல்லி மாளாது.

எழுபதுகளின் சான்சூய் போன்றவற்றில் பெரிய கண்டென்சர்களின் அடியில் பழுப்பாக இறுகிய ஒன்று தெரியும். பலர் அதைக் கண்டென்சர் கசிவு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தொழிற்சாலையில் ஒட்டிய பசை. ஆனால் அலட்சியம் வேண்டாம். வயதாகிக் கறுத்த பசை மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்து ரெசிஸ்டர் கால்களை அரித்துத் தின்னும். கண்டென்சரை மாற்றிவிட்டுப் பசையை அப்படியே விடுவதுதான் பெரிய தவறு. மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி, அரித்த கால்கள் உள்ள பாகங்களையும் மாற்றுங்கள்.

பழுப்பு நிற பீனாலிக் போர்டில் செம்புத் தடம் எளிதில் உரிந்து வரும். மெலிந்த முனையுள்ள அயர்ன், ஈயம் கலந்த 60/40 சால்டர், உறிஞ்சும் பின்னல் போதும். தகரத் தொட்டிக்கு ஈயம் வைக்கும் அமிலப் பேஸ்ட்டை இங்கே கொண்டுவரவே கூடாது. துளை இடைவெளி பொருந்தாத கண்டென்சரின் காலை வளைத்து இழுத்தால் ரப்பர் மூடி விலகி, புதிய கண்டென்சர் நாளைக்கே வற்றத் தொடங்கும்.

ஸ்பீக்கர் பெட்டிக்குள்

ஆம்பைவிட இங்கேதான் 'அப்கிரேடு' மோகம் அதிகம். முதலில் கோனைச் சுற்றிய ஃபோம் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அது பிசுபிசுத்தோ பொடிந்தோ போயிருந்தால், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துவிடும் கிராஸ்ஓவரில் என்ன செய்தாலும் பேஸ் திரும்பாது.

கிராஸ்ஓவர் கண்டென்சர் ஒன்று குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேல்தான் ட்வீட்டருக்கு அனுமதி தருகிறது. 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடரில் 4.7 மைக்ரோ ஃபாரட் இருந்தால் அந்த எல்லை சுமார் 4200 ஹெர்ட்ஸ். அதில் 10 போட்டால் 2000-க்குச் சரியும். முதல் நாள் சத்தம் தடிமனாகத்தான் கேட்கும், பலர் மகிழ்ந்தும் போவார்கள். அடுத்த கல்யாண வீட்டில் சத்தம் கூட்டியதும் ட்வீட்டரின் காயில் கருகிவிடும். மதிப்பை அப்படியே வையுங்கள். பழையது மீட்டரில் 6 காட்டினாலும் அதன் மேல் 4.7 என்று அச்சிட்டிருந்தால் 4.7-தான் சரி, வயதில் அளவு விலகியிருக்கிறது.

ஸ்பீக்கருக்குள் ஓடுவது ஏ.சி. ஆகையால் பாசிட்டிவ்-நெகட்டிவ் உள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கூடாது, நான்-போலார் வகை வேண்டும். கிடைக்காதபோது இரண்டை நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்துக் கட்டலாம். ஆனால் மதிப்பு பாதியாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10-ம் 10-ம் சேர்ந்தால் 5.

பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன் போன்ற ஃபில்ம் வகைக்கு மாறினால் உள்தடை கிட்டத்தட்ட இல்லாமல் போகும். பழைய நான்-போலாரில் அரை ஓம் இருந்திருந்தால், அந்த அரை ஓம் போனதும் 8 ஓம் ட்வீட்டர் சுமார் அரை டெசிபல் உயரும். சிறிய வித்தியாசம்தான், ஆனால் 'ஸ்' உச்சரிப்பு காதைக் குத்துவதாகப் பலர் சொல்வது இதனால்தான். தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் பழைய சமநிலை திரும்பும். வூஃபர் பக்கத்தின் 47, 68 மைக்ரோ ஃபாரட் இடங்களுக்கு ஃபில்ம் தேடி அலையாதீர்கள். முஷ்டி அளவில், விலை முகத்தில் அடிக்கும். நல்ல நான்-போலாரே அங்கே போதும். பெரியதற்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் 'பைபாஸ்' வைப்பதால் ஸ்பீக்கரில் ஏதோ மாறியது என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை, நம்புவதும் இல்லை.

இடது, வலது இரண்டையும் ஒரே நாளில், ஒரே வகையில் மாற்றுங்கள். வூஃபரைக் கழற்றும்போது இரும்பு ஸ்க்ரூட்ரைவரைக் காந்தம் இழுத்துக் கோனில் ஓட்டை போட்டுவிடும், ஒரு கை எப்போதும் கோனுக்கு முன்னால் இருக்கட்டும். சீல் பெட்டி என்றால் கேஸ்கெட்டைத் திரும்பப் பதிக்க வேண்டும், காற்று கசிந்தால் பேஸ் போகும். காயில்களை இடம் மாற்றாதீர்கள், அவற்றின் நடுவே இரும்பு ஸ்க்ரூ போட்டு இறுக்கவும் செய்யாதீர்கள்.

முடித்ததும் நேரே ஆன் செய்வது

மாற்றிய ஆம்பை நேராகச் சுவர் பிளக்கில் போடக் கூடாது. பழைய மெக்கானிக் கடைகளில் சீரிஸ் லேம்ப் போர்டு ஒன்று தொங்கும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு அதில் தொடராக இருக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாக நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். ஸ்பீக்கரை இணைக்கும் முன் ஸ்பீக்கர் டெர்மினலில் டி.சி. அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பது நலம், நூற்றைத் தாண்டினால் ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம். பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் மின்னோட்டமான பயாஸ் அளவை வேலைக்கு முன்பே குறித்து வைத்திருந்தால்தான் இப்போது ஒப்பிட முடியும்.

வாங்கும் இடத்திலும் ஏமாறலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டோ, ஆன்லைனோ, நிச்சிகான், எல்னா, ரூபிகான் பெயரில் போலிகள் வரும். பெரிய உறைக்குள் குட்டிக் கண்டென்சரை ஒளித்து விற்பவர்களும் உண்டு, அளவுக்குப் பொருந்தாத லேசான எடை காட்டிக்கொடுக்கும். ஜப்பான் முத்திரைதான் வேண்டும் என்று போலியிடம் மாட்டுவதைவிட, கேரள அரசின் கெல்ட்ரான் கண்ணூரில் தயாரிக்கும் கண்டென்சரைப் பவர் சப்ளைக்குத் தாராளமாகப் போடலாம். 'பழைய ஸ்டாக், பிரித்ததே இல்லை' என்று சொல்லி விற்கும் எலக்ட்ரோலிட்டிக் மட்டும் வேண்டாம், அலமாரியிலேயே வயதானது அது. கழற்றிய பழையவற்றை, எந்த இடத்தது என்று எழுதிய கவரில் போட்டு, செட் ஒரு மழைக்காலம் ஓடி முடிக்கும் வரை தூக்கி எறியாதீர்கள்.