கழுத்துக்கு மேல ரேடியேஷனா? முதல்ல பல் டாக்டர்கிட்ட போங்க

எங்க அப்பாவுக்கு நாக்குல கேன்சர்னு சொன்னப்ப பல்லைப் பத்தி வீட்ல யாருக்கும் நெனப்பே வரல. உயிர் பெருசா பல்லு பெருசான்னு ஓடிட்டோம். ரேடியேஷன் முடிஞ்சு ஆறாவது மாசம் கீழ் முன்பல்லு ஒண்ணு சாப்பிட்டுட்டு இருக்கும்போதே ஒடிஞ்சு கையில வந்துச்சு, பாத்தா பக்கத்துல இருந்த மூணும் ஈறு ஓரமா பழுப்பா அரிச்சுப் போயிருக்கு. வலியே இல்லை அவருக்கு. வலிச்சிருந்தா முன்னாடியே கூட்டிட்டுப் போயிருப்பேனேன்னு இன்னைக்கும் மனசு அடிச்சுக்குது. உங்க வீட்ல யாருக்காவது இப்பதான் தேதி குறிச்சிருக்காங்கன்னா இதை முழுசா படிச்சிடுங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, முக்கியமா எச்சில்தான் காரணம். நல்லா இருக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சில் ஊறும். நாம சாப்பிட்டதும் கிருமி உண்டாக்குற ஆசிட்டைத் தணிச்சு, பல்லு இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பிக் குடுக்கிறது அதுதான். கதிர் போற வழியில எச்சில் சுரப்பி மாட்டுச்சுன்னா முதல் ரெண்டு வாரத்துலயே எச்சில் குறைஞ்சு பசை மாதிரி கெட்டியாயிடும், டோஸ் அதிகமா விழுந்த சுரப்பி பல பேருக்குப் பழையபடி திரும்புறதே இல்லை. சாதாரணமா சொத்தையே விழாத இடம் கீழ் முன்பல்லு, இவங்களுக்கு அங்கயே விழுது.

ஸ்டெப் 1: ரேடியேஷனுக்கு முன்னாடி

தேதி குறிச்ச அன்னைக்கே பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுங்க. எக்ஸ்ரே எடுத்து, காப்பாத்த முடியாத பல்லு எதுன்னு பாத்து, பிடுங்க வேண்டியதை ரேடியேஷனுக்குக் குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடியே பிடுங்கிடணும், புண்ணு ஆற அவ்வளவு நாள் வேணும். ஏன் இவ்வளவு அவசரம்னா, வழக்கமா 6, 7 வாரத்துல மொத்தம் 60ல இருந்து 70 கிரே (கதிர் டோஸை அளக்குற அலகு) வரைக்கும் குடுப்பாங்க. அவ்வளவு டோஸ் விழுந்த தாடை எலும்புல ரத்த ஓட்டம் குறைஞ்சுடுது, அதுக்கப்புறம் பல்லைப் பிடுங்குனா குழி ஆறாம எலும்பே செத்துப்போற ஆபத்து இருக்கு, கீழ்த்தாடைக்குத்தான் அதிகம். ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ்னு பேரு. எத்தனை வருஷம் ஆனாலும் இந்த ஆபத்து போகாது.

அப்பவே ஃப்ளூரைடு ட்ரேக்கு அளவும் எடுத்துடச் சொல்லுங்க, சொத்தையைத் தடுக்குற ஃப்ளூரைடு ஜெல்லைப் பல்லு மேல வச்சிருக்க அவங்க பல்வரிசைக்கே செய்யுற உறை அது. வாய் புண்ணானப்புறம் அளவு எடுக்கிறது ரொம்பக் கொடுமை.

ஸ்டெப் 2: நடக்கும்போது

ரெண்டு மூணு வாரத்துல வாயெல்லாம் வெந்து போகும். பிரஷ்ஷை நிறுத்திடாதீங்க, ரொம்ப மெத்துனு இருக்கிறதா வாங்கி வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு இன்னும் இளக்கிட்டுத் தேய்ங்க. ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணில கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா, அதுல பாதி அளவு உப்பு, இதை வச்சு ஒரு நாளைக்குப் பல தடவை கொப்பளிச்சுட்டு கடைசியா வெறும் தண்ணில கொப்பளிக்கணும். ஆல்கஹால் இருக்கிற மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம், காஞ்ச வாயை இன்னும் காய வைக்கும்.

ஸ்டெப் 3: ராத்திரி ட்ரே

இதை எப்ப ஆரம்பிக்கணும், எந்த ஜெல்னு டாக்டர் சொல்லுவார், பொதுவா 1.1 சதவீதம் சோடியம் ஃப்ளூரைடு ஜெல் எழுதுவாங்க. அப்பாவுக்கு நான் போட்டு விட்ட விதத்தைச் சொல்றேன். முதல்ல பிரஷ் பண்ணி முடிக்கணும். ட்ரே உள்பக்கம் பூரா ஜெல்லை ஒரு மெல்லிசான கோடாத்தான் ஓட விடணும், ரொப்புனா ஈறு வழியா வழிஞ்சு குமட்டும். மாட்டி, வழியுறதைத் துப்பிட்டு, டாக்டர் சொன்ன நிமிஷம் வரைக்கும் வச்சிருந்து எடுத்துடணும். ட்ரேயை எடுத்ததும் துப்பலாம், ஆனா கொப்பளிக்கக் கூடாது, அரை மணி நேரத்துக்குத் தண்ணி கூட குடிக்கக் கூடாது. வாய் காஞ்சு கிடக்கிற ஆளுக்கு அந்த அரை மணி ரொம்ப நீளம், பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுங்க.

ஸ்டெப் 4: தாடைப் பயிற்சி

வாய் திறக்கிறது மெல்ல மெல்லச் சுருங்கும், சுருங்குனா பிரஷ் உள்ள போகாது. வலி வராத அளவுக்கு நல்லா திறந்து மூடுறது 20 தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை.

ஸ்டெப் 5: முடிஞ்சப்புறம்

ட்ரீட்மென்ட் முடிஞ்சதுன்னு எல்லாரும் மூச்சு விடுற நேரத்துலதான் சொத்தை ஆரம்பிக்குது, மூணே மாசத்துல கூட வரலாம். ஃப்ளூரைடு நிறுத்தாதீங்க, வாய் காயுதுன்னு இனிப்பு மிட்டாயோ புளிப்பு மிட்டாயோ சப்ப விடாதீங்க, சைலிடால்ங்கிற, சொத்தை உண்டாக்காத இனிப்பு போட்ட சூயிங் கம் பரவாயில்லை. புது பல் டாக்டர்கிட்ட போனா வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ரேடியேஷன் எடுத்தவர்னு சொல்லி, எந்தப் பக்கம் எவ்வளவு டோஸ்ங்கிற ரிப்போர்ட் ஜெராக்ஸைக் குடுங்க. பிடுங்கிடலாம்னு யாராவது சொன்னா கேன்சர் டாக்டர்கிட்ட கேக்காம சரின்னு சொல்லாதீங்க, வேர் சிகிச்சை பண்ணி வேரை அப்படியே விட்டு வைக்கவும் வழி இருக்கு.

வாரம் ஒரு தடவை டார்ச் அடிச்சு, கீழ் உதட்டை இழுத்துப் பிடிச்சு ஈறும் பல்லும் சேர்ற ஓரத்தைப் பாருங்க. சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளைக் கோடு தெரிஞ்சா அந்த வாரமே போயிடுங்க, அந்த நிலையில பிடிச்சா பல்லைக் காப்பாத்த இன்னும் வழி இருக்கு. நாங்க பாக்கும்போது கோடு பழுப்பாயிடுச்சு.