மூடியைத் திறந்ததும் 'புஸ்'

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. என் பழைய கார்புரேட்டர் பைக் இருபதாவது வளைவைத் தாண்டுவதற்குள் ரெண்டு தடவை இருமி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் ஓரங்கட்டினால் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே கதை. இத்தனைக்கும் கிளம்பும் முன்புதான் பிளக் மாற்றி, கார்புரேட்டர் கழுவி 600 ரூபாய் அழுதிருந்தேன்.

மூன்றாவது தடவை, பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. அரை நிமிஷம் விட்டு உதைத்தேன், ஒரே கிக்கில் பிடித்தது. அட!

பம்ப் இல்லாத வண்டியில் பெட்ரோல் தானாகத்தான் கீழே இறங்கணும். இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே வர மூடியில் ஒரு ஊசித்துளை உண்டு. அது அடைத்தால், கவிழ்த்த எண்ணெய் பாட்டில் மாதிரி பெட்ரோல் மக்கர் பண்ணும். நிறுத்தி வைத்தால் காற்று மெதுவாகக் கசிந்து சரியாகிவிடும். அதுதான் அந்தப் பத்து நிமிஷக் கணக்கு.

அன்று அஞ்சாறு வளைவுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மூடியே மேலே போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி, பழைய கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையைத் துளைக்குள் விட்டுக் குடைந்து, பஞ்சர் கடையில் காற்று அடித்தேன். துருவும் சேறுமாக வந்தது. வாட்டர் வாஷில் மூடிமேல் நேராகத் தண்ணீர் அடிக்க இப்போது யாரையும் விடுவதில்லை.