முதலில் கூரை, அப்புறம் படகு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கிரில், கேட், ஷெட் எல்லாம் செய்தாலும் கார் கேரியர் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே ஆள் வரும். உப்பனாற்றில் தூண்டில் போடும் பழக்கம் எனக்கும் உண்டு. அதனால் வண்டிக் கூரையில் படகு ஏற்ற வேண்டும் என்று யார் விசாரித்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்களில் பலர் படகை வாங்கி முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். "அண்ணே, இதுக்கு ஒரு கேரியர் அடிச்சுக் குடுங்க" என்பார்கள். படகு பதினாலு அடி இருக்கும், நாலு ஆள் பிடித்தால்தான் நகரும். வண்டியோ வேகன்ஆர். என்ன செய்ய?

எனவே படகைத் தேடும் முன் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். கூரையில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 75 கிலோவுக்குள் இருக்கும். அது வண்டி ஓடும்போது தாங்க வேண்டிய எடை. நிற்கிற வண்டி அதைவிட அதிகம் தாங்கும் என்பதால், வீட்டு வாசலில் ஏற்றிப் பார்த்துவிட்டு "தாங்குதே" என்று முடிவு கட்டக் கூடாது. பிரேக் அடித்தால் அத்தனை கனமும் முன்னால் பாயும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும்.

கேரியரின் எடையும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். இங்கேதான் பலருக்கும் கணக்கு உதைக்கிறது. ஒரு அங்குல ஸ்கொயர் பைப், பதினாறு கேஜ், மீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம் வரும். சுற்றிலும் தடுப்பு வைத்து, நடுவில் ஆறேழு குறுக்குப் பைப் போட்டு, பெட்டி படுக்கை ஏற்றும் கேரியர் மாதிரி அடித்தால், கிளாம்ப், போல்ட் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு கிலோவைத் தொட்டுவிடும். 50 கிலோ கூரையில் மிச்சம் 32 கிலோதான். படகுக்கு அந்தத் தடுப்பெல்லாம் எதற்கு? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டே குறுக்குப் பைப் போதும். கிளாம்ப்போடு ஆறு ஏழு கிலோவில் முடிந்துவிடும். எனக்குக் கூலி குறையும், பரவாயில்லை. இரண்டு பைப்பும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது, படகு தலையாட்டாது.

கூரையில் கறுப்பாகவோ வெள்ளியாகவோ நீளமாக ரெயில் ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன. அதைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். நிறைய வண்டிகளில் அது வெறும் அலங்காரம், அடியில் பிளாஸ்டிக் கிளிப் மட்டும் இருக்கும். எடை தாங்கும் ரெயிலா என்று கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் அதில் பைப்பைப் பூட்ட வேண்டும். பழைய ஆம்னி போலக் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் விளிம்பு இருக்கிற வண்டி கிடைத்தால் என் மாதிரி ஆளுக்கு வேலை சுலபம். கிளாம்ப் அதிலேயே கவ்விக்கொள்ளும். சன்ரூஃப் வண்டி என்றால் கூரை வேலையை விட்டுவிட்டுக் காற்றடிக்கும் படகைப் பாருங்கள்.

நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் நாலு மீட்டருக்குள், அதாவது பதின்மூன்று அடிக்குள் இருக்கும். பத்தடிப் படகைக் கூரையில் நடுவாக வைத்தால் முன் பம்பரையும் தாண்டாது, பின் பம்பரையும் தாண்டாது. பன்னிரண்டு அடி என்றால் கொஞ்சம் முன்பின் நகர்ந்தாலும் வெளியே நீட்டும். அகலம் கார் அகலத்துக்குள் அடங்க வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, ஏற்றிய சாமான் அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் செலவும் நம் தலையில். ஆகவே என்னைக் கேட்டால் பத்தடி, மூன்றரை அடி அகலம். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் டிரெய்லரையோ குட்டி யானையையோ யோசிக்கலாம்.

கூரைக்கு அடுத்தது உங்கள் தோள். விடியற்காலையில் இரண்டு பேராகப் போய் இறக்குவீர்கள், சரி. பத்து மணி வெயிலில், சேற்றில் கால் புதைய, பசியோடு திரும்ப ஏற்ற வேண்டுமே, அந்த நேரத்துக்குத்தான் எடை பார்க்க வேண்டும். கூட வரும் ஆள் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வரப்போவதில்லை. கடையில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். அதிலேயே மூச்சு வாங்கினால், தனியாக ஏற்றும் எண்ணத்தோடு முப்பது கிலோவுக்கு மேற்பட்ட படகைத் தொடாதீர்கள்.

தனியாளாக ஏற்றுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பின்பக்கக் குறுக்குப் பைப்பின் மேல், அதைவிடக் கொஞ்சம் பெரிய பிவிசி பைப்பை உறை மாதிரி மாட்டிவிடுவேன். அது தளர்வாக உருளும். வண்டிக்குப் பின்னால் படகைக் குப்புறப் போட்டு, பின்முனை தரையில் இருக்க, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, மட்டும் தூக்கி அந்தப் பைப்பின் மேல் சாய்க்க வேண்டும். டிக்கி விளிம்பில் பழைய சணல் சாக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், பெயின்ட் தப்பிக்கும். அப்புறம் பின்னால் போய், தரையில் இருக்கும் முனையைத் தூக்கி முன்னே தள்ளினால் பைப் உருண்டு படகு ஏறிவிடும். எந்த நேரத்திலும் கையில் இருப்பது படகின் பாதிக் கனம்தான். ஒன்று கவனம்: தள்ளும்போது கடல் காற்று பக்கவாட்டில் அடித்தால் படகு திரும்பிவிடும். காற்று வருகிற திசையைப் பார்த்து வண்டியின் மூக்கை நிறுத்திக்கொண்டு ஏற்றுங்கள்.

இப்போது தண்ணீர். எங்கே இறக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்தச் சாமானில் செய்த படகு என்பது மாறும். உப்பனாறு, கெடிலத்தின் கடைப்பகுதி, பாண்டிப் பக்கம் அரியாங்குப்பம் ஆறு, இவையெல்லாம் உப்புத் தண்ணீர். பாலத் தூண்களிலும் கற்களிலும் சிப்பி ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி வெட்டும். பெருமாள் ஏரி போன்ற நன்னீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஏரிகளில் மீன்பிடிப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் இருப்பார்கள். படகைப் பார்த்தாலே சண்டைக்கு வருவார்கள், முன்கூட்டிக் கேட்டுவிடுவது மரியாதை. பிச்சாவரம் வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிற இடம், அங்கே சொந்தப் படகு இறக்கலாம் என்று கனவு காணாதீர்கள். கடல் வேண்டவே வேண்டாம். தேவனாம்பட்டினத்தில் அலை அடங்கிக் கிடக்கிற மாதிரி தெரியும் நாளிலும், முகத்துவாரத்தில் ஆற்று ஓட்டமும் அலையும் மோதும் இடத்தில் பத்தடிப் படகு புரள ஒரு நொடி போதும். ஐப்பசி முதல் மார்கழி வரை ஆற்றிலும் வெள்ளம் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

காயாக் என்று விற்கும் பிளாஸ்டிக் படகு, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, பத்தடியில் 25 முதல் 30 கிலோ வரை இருக்கும். தனியாகத் தூண்டில் போடுகிறவருக்கு என் முதல் சிபாரிசு அதுதான். சிப்பிமேல் இழுத்தாலும் கீறல் விழுமே தவிர ஓட்டை விழாது. உள்ளே வரும் தண்ணீர் துளை வழியே தானாக வடியும். ஆனால் வீச்சு வலை வீச நினைக்கிறவர்களுக்கு இது ஆகாது. நின்று, இடுப்பைத் திருப்பி வலை விட வேண்டும். முப்பது அங்குல அகலத்தில் நின்று அதைச் செய்தால் வலைக்கு முன்னால் நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள்.

வலைக்கும், இரண்டு பேர் போகவும், தட்டை அடி உள்ள பைபர் படகு வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தைப் பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. அதனால் பைபர் வேலை தெரிந்த கைகள் நம் பக்கத்தில் நிறைய. சிக்கல் என்னவென்றால் அவர்கள் கைப்பழக்கம் முப்பதடிக் கடல் படகுக்கானது. அலையில் அடிபடும், மணலில் இழுபடும் என்று மேட்டை, அதாவது கண்ணாடி இழை விரிப்பை, அடுக்கிக்கொண்டே போவார்கள். பத்தடிப் படகில் சதுர மீட்டருக்கு 450 கிராம் வரும் மேட் ஒரு அடுக்கு கூடினால், அது குடிக்கும் ரெசின் என்ற பிசினோடு சேர்த்து ஏழெட்டு கிலோ ஏறிவிடும். மூன்று அடுக்கில் 35 கிலோவுக்குள் முடிய வேண்டியது, ஐந்து அடுக்கில் ஐம்பதைத் தாண்டும். பாண்டியிலிருந்து வந்த ஒரு தம்பியின் படகு அப்படித்தான், இரும்பு மாதிரி உறுதி, கூரைக்கு லாயக்கில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் "இத்தனை கிலோவுக்குள் வேண்டும், எடை போட்டுத்தான் வாங்குவேன்" என்று சொல்லுங்கள். அடியிலும் விளிம்பிலும் மட்டும் கூடுதல் அடுக்கு, பக்கச் சுவர் மெலிதாக. உட்காரும் பலகைக்கு அடியில் ஃபோம் நிரப்பி மூடச் சொல்லுங்கள், கவிழ்ந்தாலும் முழுகாது.

வாங்கும்போது வெளிப்பக்கப் பளபளப்பைப் பார்க்காதீர்கள், அது ஜெல்கோட் என்ற மேல்பூச்சு. உள்பக்கம் குனிந்து பாருங்கள். வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அங்கே மேட் சரியாக ரெசின் குடிக்கவில்லை. அந்த இடம்தான் முதலில் தண்ணீர் இழுக்கும். உள்ளங்கையால் தடவினால் பிசுபிசுக்கக் கூடாது. அடிப்பலகை நடுவில் முட்டியை வைத்து அழுத்தினால் டப்பா மாதிரி உள்ளே போய் வெளியே வரக் கூடாது. மூலைகளில் நாணயத்தால் தட்டுங்கள். சத்தம் திடீரென்று மந்தமாகப் பொத்தென்று கேட்டால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குத் தட்டை அடிப் படகுகளில் ஒரு தோராயக் கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கிப் பதினைந்தால் வகுக்க வேண்டும். பத்து, மூன்றரை என்றால் இரண்டு சொச்சம் வரும். அந்தச் சொச்சத்தில் மச்சானை ஏற்றக் கூடாது.

பைபர் பரிசல் விலை குறைவு, புரளாது, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆறடி ஏழடி வட்டம் சின்ன காரின் அகலத்தைத் தாண்டிவிடும். மதியம் கடல் காற்று எழும்பிவிட்டால் துடுப்பு போட்டும் திரும்பி வர மாட்டாது. ஏரிக்கு, பெரிய வண்டி இருந்தால், சரி.

காற்றடிக்கும் படகுக்குக் கேரியரே வேண்டாம், டிக்கியில் மடித்துப் போகலாம். ஏரிக்கு நல்லது. உப்பனாற்றில் சிப்பி ஒரு பக்கம், பிடித்த கெளுத்தியின் முள் ஒரு பக்கம், தூண்டில் முள் ஒரு பக்கம். தனித்தனிக் காற்றறைகள் இல்லாததைத் தொடவே வேண்டாம். அலுமினியம் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உப்புத் தண்ணீரில் வேறு உலோக போல்ட் பட்ட இடமெல்லாம் அரிக்கும். தெர்மாகோல் தெப்பத்தைக் கூரையில் கட்டிக்கொண்டு வந்தவரும் உண்டு. ஈசிஆர் முழுக்க வெள்ளைப் பொடி பறந்திருக்கும்.

மோட்டார் ஆசை இருந்தால் தள்ளிப் போடுங்கள். மின் மோட்டாருக்கு 100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி ஒன்றே 25 கிலோவுக்கு மேல். அது டிக்கிக்குள் போகும், சரி. கரையிலிருந்து தண்ணீர் வரை யார் தூக்குவது? துடுப்பு இரண்டு, ஆழம் குறைந்த இடத்துக்கு ஒரு மூங்கில் கழி, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், இவ்வளவு போதும்.

கட்டும்போது குறுக்கே இரண்டு பெல்ட், முன்னால் அணியத்திலிருந்து டோ ஹூக்குக்கு (வண்டியை இழுக்க மாட்டும் கொக்கி) ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. முன்கயிற்றை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எதிரே லாரி கடக்கும்போது படகின் மூக்கைத்தான் காற்று தூக்கும். வேகம் 60லிருந்து 80க்குப் போனால் காற்றின் தள்ளல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிடும், 60லேயே ஓட்டுங்கள். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் விர்ரென்று சத்தம் வராது. பிளாஸ்டிக் படகுக்குக் கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கினால் வெயிலில் பள்ளம் விழும், சாதாரண பக்கிள் பெல்ட் போதும். ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி ஒருமுறை இறுக்கிவிடுங்கள். வீட்டு போர்ட்டிகோ உயரத்தையும் அளந்து வையுங்கள். படகோடு சேர்த்து எவ்வளவு உயரம் என்பது ஓட்டும்போது மறந்து போகும்.

என்னிடமோ வேறு பட்டறைக்கோ போகும்போது வண்டி, கையேட்டில் கூரை எடை போட்டிருக்கும் பக்கம், பார்த்து வைத்திருக்கும் படகின் நீளம், அகலம், எடை, இவற்றோடு போங்கள். படகுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்க வேண்டாம். கிளாம்ப்புக்கு அடியில் வைக்க ரப்பர் நானே போட்டுத் தருவேன். பழைய சைக்கிள் டியூப் கொண்டுவந்தால் அதுவும் ஆகும்.