ஏரிக்கரைக் காட்டைத் தண்ணீரின் கணக்கில் அறிவது எப்படி: வேடந்தாங்கலை முன்வைத்து

ஏரிக்கரைக் காட்டுக்குள் முதன்முறை நுழைகிறவர் பெரும்பாலும் ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று அதன் பெயரைக் கேட்கிறார். பெயர் வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது, இந்த இடத்தில் ஆண்டுக்கு எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது என்பதே. ஏரிக்குள் மாதக்கணக்கில் நீரில் நிற்கும் மரமும், சற்றுத் தள்ளி மேட்டுச் செம்மண்ணில் நிற்கும் மரமும் ஒரே மழையைத்தான் வாங்குகின்றன. வேரடியில் நீர் தங்கும் காலம் வேறுபடுவதால்தான் இரண்டும் இடம் மாறி வாழ முடிவதில்லை. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், எந்தச் செடி எதனோடு கூடி வாழ்கிறது என்பதும் ஏன் என்பதும் படிப்படியாக விளங்கும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்துள்ள வேடந்தாங்கல் இதைக் கற்க நல்ல இடம். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். சரணாலயத்தின் எல்லை அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை விரிகிறது. பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் கேட்டுக்கொண்டதற்கு இணங்க 1798-இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உரிமை வழங்கினார். 1936-இல் அது சரணாலயமானது. 2022-இல் அருகிலுள்ள கரிக்கிலியும் வேடந்தாங்கலும், உலக அளவில் முதன்மையான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே வருகிறவர்களின் பார்வை பறவையைத் தாண்டி, அது அமர்ந்திருக்கும் கிளைக்குப் போவது அரிது என்பது எனக்கு நெடுநாளாக உள்ள குறை. அந்தக் கிளையிலிருந்தே நம் பாடத்தைத் தொடங்கலாம்.

முதலில் ஏரியின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஏரி இயற்கையான பள்ளம் அன்று. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வளைவாகக் கரை எழுப்பி நீரைத் தேக்கியது. ஆகவே கரையை ஒட்டி, மதகின் அருகே நீர் ஆழமாக இருக்கும். எதிர்ப்புறம், வரத்துக்கால்கள் வந்து சேரும் நீர்பிடிப்புப் பக்கத்தில், ஆழம் சிறிது சிறிதாகக் குறைந்து எங்கே ஏரி முடிந்தது, எங்கே நிலம் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி கலந்துவிடும். கரைப் பக்கம் பத்து அடியில் மாறிவிடும் தாவரக் கூட்டம், நீர்பிடிப்புப் பக்கம் நூற்றுக்கணக்கான அடி அகலத்துக்குப் பட்டைபட்டையாக விரிவது இதனால்தான். தாவரங்களைக் கற்க வருகிறவர் கரையில் நடந்து முடித்துவிடாமல் எதிர்ப்புறத்தையும், அனுமதி உள்ள பாதையில், பார்த்தாக வேண்டும்.

ஒரு முறை போய்வந்தால் போதாது; குறைந்தது இரண்டு பருவங்கள் வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பர் வாக்கில் ஏரி நிறைந்திருக்கும். நீர் எதுவரை ஏறுகிறது என்பதைப் பார்க்கவும், நீர்ச் செடிகளை அடையாளம் காணவும், வேலிகளில் செங்காந்தள் பூத்திருப்பதைக் காணவும் அதுவே காலம். மேட்டுக் காட்டை அறிய மே மாதம் ஏற்றது, ஏனெனில் வெயிலில் எந்த மரம் இலையுதிர்த்து நிற்கிறது, எது பசுமையாகவே நிற்கிறது என்பது அப்போதுதான் ஐயமின்றித் தெரியும். நீர் வற்றிய மரங்களின் அடியில் படிந்திருக்கும் சேற்றுக் கோட்டின் உயரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம். வனக் காவலர் போன்ற எவரிடமும் கேட்காமலே அந்தக் கோடு சென்ற ஆண்டின் நீர்மட்டத்தைச் சொல்லிவிடும்.

இனி ஏரிக்குள் நிற்கும் மரங்கள். வேடந்தாங்கலில் கூடுகளைத் தாங்கும் முதன்மையான மரம் நீர்க்கடம்பு. கிளைகள் தாழ்ந்து பரவி, நீருக்கு மேல் குடை விரித்தாற்போல நிற்கும். பூங்கொத்துகள் நீண்ட சரங்களாகத் தொங்கும். சிவந்த மகரந்த இழைகளோடு இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வதால், காலையில் மரத்தடி சிவப்பாக இருக்கும். காய் நான்கு பட்டைகளுடன் நார் நிறைந்தது. நீரில் மிதந்து வேறிடம் சேரும். பெயர் குறித்து இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கடம்பு என்ற பெயர் தமிழில் பல மரங்களுக்கு வழங்குகிறது. உருண்டைப் பூவுள்ள வெண்கடம்பும் மஞ்சள் கடம்பும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. நீர்க்கடம்பு என்ற பெயரையே வேறொரு மரத்துக்கும் சில நூல்கள் தருகின்றன. எனவே குறிப்பேட்டில் ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரையும் எழுதும் பழக்கம் வேண்டும்: இது பாரிங்டோனியா அக்யூட்டாங்குலா. அவ்வாறே புரசு என்றால் ஒருவர் செம்பூப் பூக்கும் பலாசத்தை நினைப்பார், இன்னொருவர் இலங்கையில் முதிரை எனப்படும் குளோராக்சிலான் மரத்தை நினைப்பார். ஊர்ப்பெயரை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் சேர்த்து எழுதினால் அதன் மதிப்பு கூடும்.

நீர்க்கடம்புக்கு அடுத்தது கருவேலம். இதைச் சீமைக்கருவேலத்தோடு குழப்பிக்கொள்வது மிகப் பரவலான பிழை. ஒன்று நம் மண்ணுக்கு உரியது, மற்றொன்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. பூவையும் காயையும் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். கருவேலத்தின் பூ மஞ்சள் நிறப் பந்து. காய் விதைக்கு விதை இடை சுருங்கி மணிமாலை போலிருக்கும். முள் வெண்மையாக, நேராக, இணையாக நீண்டிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிறிய மஞ்சளில் நீண்ட கதிர். காய் சுருக்கமின்றிச் சற்றே வளைந்து முதிர்ந்தால் மஞ்சளாகும். அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து புதராக அடைந்திருக்கும். ஆடுமாடுகள் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புவதால், மேய்ச்சல் தடங்களின் ஓரத்தில் சீமைக்கருவேலம் வரிசையாக முளைத்திருப்பதைக் காணலாம். அதையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும், ஏனெனில் காடு எந்த வழியாக மாறிவருகிறது என்பதற்கு அதுவே சான்று.

இந்த மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் கூடுகட்டும் மாதங்களில் எவரும் அருகே போகக் கூடாது. கரையிலிருந்தோ காட்சிக் கோபுரத்திலிருந்தோ இருநோக்கியால் பார்த்தாலே, எந்தப் பறவை எந்த மரத்தில், எந்த உயரத்தில் என்று எழுதிவிடலாம். எச்சம் விழுந்து உரமேறிய இந்த ஏரி நீரைத்தான் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வயலுக்குப் பாய்ச்சி வருகிறார்கள். 1798-க்கும் முன்பே ஊரார் பறவைகளைக் காத்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

நீர் விளிம்பில் மரம் குறைந்து சிறு செடிகள் மிகும். ஆழத்தில் அல்லியும் கொட்டியும், அடுத்துக் கோரையும் சம்பும், சேறு காயத் தொடங்கும் இடத்தில் நீர்முள்ளியும் பொன்னாங்கண்ணியும் பொடுதலையும் என்று பட்டைகள் அமையும். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் தென்பட்டால் அவை வெளியிலிருந்து வந்தவை என்று தனியே குறியுங்கள். கரையின் மேல் பனை, புங்கம், வேம்பு, நொச்சி ஆகியவற்றைப் பெரும்பாலும் மனிதர் நட்டிருப்பர். இவற்றைக் காட்டுக் கணக்கில் சேர்க்காமல் கரைக் கணக்காக வைப்பது நல்லது. பனையின் மட்டை இடுக்கில் பறவை விட்ட விதையிலிருந்து ஆலோ அரசோ முளைத்து நிற்பதை மட்டும் தவறாமல் பாருங்கள்.

இந்தப் பயிற்சியில் அதிக நேரம் கேட்பது, கேட்கும் நேரத்துக்குத் தகுந்த பயனும் தருவது, மேட்டு நிலம்தான். சோழமண்டலக் கடற்கரைச் சமவெளிக்கு உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு அங்கே துண்டுதுண்டாக எஞ்சியிருக்கிறது. ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் மழையின்றி வறண்டிருந்தும் இலையுதிர்க்காத காடு இது. சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகளால் நீரிழப்பைக் குறைத்துக்கொண்டு, மெல்ல வளர்ந்து, பெரும்பாலும் 10 மீட்டர் உயரத்துக்குள் அடர்ந்து நிற்கும். வெட்டும் மேய்ச்சலும் தொடர்ந்தால் இதுவே முட்புதராகக் குறுகிவிடும். இதனால் பலர் அதை முதலிலிருந்தே தரிசு என்று கருதிவிடுகிறார்கள், அது தவறு. புதருக்குள் ஐந்து இனங்களைத் தேடுங்கள். காயா, பேச்சுவழக்கில் காசா: எதிரெதிர் இலைகள், பக்க நரம்பு ஏறத்தாழத் தெரியாது, முற்றிய கிளைகளில் நீலப் பூக்கொத்து, காயாம்பூ வண்ணன் என்று திருமாலைச் சொல்வது இந்த நிறத்தால்தான். பாலை: கிளை நுனியில் இலைகள் குவிந்திருக்கும், இலையின் முனை உட்குழிந்திருக்கும், காம்பை ஒடித்தால் பால் வடியும், உலக்கை செய்ய உதவிய வன்மரம், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இதன் பழத்தை அறியாதவர் இல்லை. வீரை: அடிமரம் பள்ளமும் மேடுமாக வரிந்திருக்கும், பழம் சிவப்பு. காட்டெலுமிச்சை: இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம், இலைக்கக்கத்தில் முள். எட்டி: இலையின் அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் கிளைக்கும், பழம் ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும், நஞ்சு ஆதலால் சுவைத்துப் பார்க்கும் எண்ணமே வேண்டாம், குழந்தைகளை உடன் அழைத்துச் சென்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த ஐந்தில் மூன்று ஓரிடத்தில் இருந்தால், சுற்றிலும் சூரையும் களாவும் காரையும் ஆவாரையும் மண்டியிருந்தாலும், அங்கே பழைய காட்டின் வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். வெட்டப்பட்ட அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகள் கிளைத்திருப்பதும் அதற்கு அடையாளமே. கெடாத காடு எப்படி இருக்கும் என்பதை அறிய விரும்புகிறவர்கள், விழுப்புரம் மாவட்டத்தில் கழுவேலி ஏரிக்கு அண்மையில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காட்டை ஒரு முறை பார்த்துவர வேண்டும். நண்பகலிலும் அங்கே நிழல் அடர்த்தியாக இருக்கும். தரையில் புல்லின்றி இலைச்சருகு படர்ந்திருக்கும். தொடை பருமனுள்ள கொடிகள் மரத்துக்கு மரம் தாவியிருக்கும். அதைப் பார்த்த கண்ணோடு திரும்பி வந்தால், ஒரு முட்புதர் எதை இழந்தது என்பது உடனே புலப்படும்.

பதிவு செய்யும் முறை எளிது. நீர் விளிம்பிலிருந்து மேட்டை நோக்கி 100 மீட்டர் கயிறு ஒன்றை நேராகப் பிடித்து, 10 மீட்டருக்கு ஒரு முறை நின்று, மரம், புதர், கொடி, தரைச்செடி என நான்கு அடுக்காக எழுதுங்கள். மரங்களின் சுற்றளவை நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில் அளக்க வேண்டும். பெரிய மரங்களை மட்டும் எண்ணுவது போதாது. எந்த இனத்தின் கன்று தானாக முளைத்திருக்கிறது என்ற கணக்கே முதன்மையானது. தாய்மரம் பத்து நின்று கன்று ஒன்றுகூட இல்லையென்றால், மேய்ச்சலோ நீர்மட்ட மாற்றமோ விதை பரப்பும் பறவையின்மையோ காரணமாக இருக்கலாம். மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. ஒளிப்படம் எடுக்கும்போது இலையின் மேற்புறம், அடிப்புறம், பட்டை, காம்பு சேரும் இடம் என நான்கு படங்கள் எடுத்தால், வீட்டில் அமர்ந்தே அடையாளம் காண முடியும்.

உங்கள் ஊர் ஏரிக்கு மரம் நட விரும்பினால் இந்தப் பதிவேடே வழிகாட்டி. நீர் தேங்கும் பள்ளத்துக்கு நீர்க்கடம்பும் நீர்மருதும், ஓரத்துக்கு நாவலும் புங்கமும், மேட்டுக்குக் காயாவும் வீரையும் பாலையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீர்க்கடம்புக் கன்றைச் சிறிதாக நட்டால் முதல் வெள்ளத்தில் மூழ்கி அழுகும். நாற்றங்காலில் நெடிதாக வளர்த்து, ஏரி வற்றியிருக்கும்போது மண்மேடு அமைத்து அதன் மேல் நட வேண்டும். ஆழமற்ற திறந்த நீர்ப்பரப்பை மரம் நட்டு நிரப்பிவிடாதீர்கள். உள்ளான்களும் கொக்குகளும் இரை தேடுவது அங்கேதான். பாலை ஆண்டுக்கு ஒரு சாண்கூட வளராததைக் கண்டு, அது பட்டுவிட்டது என்று பிடுங்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்டை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் அடுத்த மழைவரை விட்டுவையுங்கள்.